மாணாக்கர் நெஞ்சில் சாந்திநிகேதன்



ஆசிரியர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்துரைக்கின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் நல்லாசிரியர்க்கு உவமைகள். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகியவை ஆசிரியர் ஆகாதார்க்கு உவமைகள். இலக்கணத்தின் பணி அவ்வளவில் நின்றுவிடுகின்றது. ஓர் ஆசிரியர் உண்மையில் எவ்வாறு இருந்தார் என்பதை அவரிடம் பயின்றவர்தாம் சொல்ல வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டிராவிடில், அப்பெரும்புலவர் பாடம் சொன்ன முறை தமிழுலகுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வங்கத்தில் அத்தகைய பேறு ஓர் ஆசிரியருக்கு மட்டுமன்றி, ஒரு பள்ளிக்கே வாய்த்தது. சாந்திநிகேதன் என்னும் உறைவிடப் பள்ளியைப் பற்றி அதன் பழைய மாணாக்கர் எழுதியவற்றைச் சேர்த்தால் ஒரு சிறு நூலகமே ஆகும். தாகூரின் மகன் ரதீந்திரநாதர் எழுதினார். 1910இல் சிறுவனாக வந்து பதினேழு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்ட பிரமதநாத் பிசி எழுதினார். பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும், அதன் பின் விசுவபாரதியின் துணைவேந்தராகவும் விளங்கிய சுதிரஞ்சன் தாஸ், ‘நமது சாந்திநிகேதன்’ எனப் பொருள்படும் ‘ஆமாதேர் சாந்திநிகேதன்’ என்னும் தலைப்பில் எழுதினார். அதே தலைப்பில் இந்தி எழுத்தாளர் சிவானி எழுதினார். மகாசுவேதா தேவியும் எழுதினார். மூவர் நூல்களுக்கும் ஒரே தலைப்பு அமைந்தமை நோக்கத்தக்கது. ‘நமது’ என்னும் அந்தச் சொல்லில் பாசம் இருக்கின்றது. சற்றே பற்றும் இருக்கின்றது. பற்றுடையார் சொல்லும் சான்றை எவ்வளவு ஏற்பது என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

பள்ளியைத் தொடங்கியவரோ பள்ளிகளிலிருந்து ஓடியவர். இளமையில் கல்கத்தாவின் பல பள்ளிகளில் சேர்க்கப்பட்டும் எதிலும் நிலைக்காத இரவீந்திரர், தம் தந்தையார் 1863இல் பெற்ற போல்பூர் நிலத்தில், 1901 டிசம்பர் 22ஆம் நாள் பிரம்மசரிய ஆசிரமம் என்னும் பெயரில் இப்பள்ளியைத் தொடங்கினார். மாணாக்கர் ஐவர், அவருள் ஒருவர் ரதீந்திரநாதர். இன்று சாந்திநிகேதன் என்றவுடன் மனத்தில் எழும் பாட்டும் கூத்தும் வண்ணக்கோலமும் அத்தொடக்க நாள்களில் இல்லை. காவியுடை, செருப்பணியாத கால், எளிய மரக்கறி உணவு என அது பழந்தவப் பள்ளியின் சாயலில் நடந்தது. இக்கடுமையைத் தாயுள்ளம் ஏற்கவில்லை என்பதை மகன் எழுதிய நினைவுகளிலிருந்து அறிகிறோம். மிருணாளினி தேவி சிறுவர்க்குத் தம் கையால் சமைத்துப் போட்டார். பள்ளிச் செலவுக்குத் தம் நகைகளையும் ஈந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1902 நவம்பரில், அவர் மறைந்தார். கொள்கை வகுத்தவர் பெயர் வரலாற்றில் நிற்க, சோறிட்டவர் பெயர் ஒரு மாணாக்கரின் நினைவில் மட்டும் தங்குவது உறைவிடப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கதை போலும்.

பணமுடை இப்பள்ளியை விட்டு நீங்கியதே இல்லை. 1913 நவம்பரில் நோபெல் பரிசுச் செய்தி தந்தியாய் வந்தபோது, அதை ஆசிரியர் நேபாள சந்திர ராயிடம் நீட்டி, ‘உங்கள் கழிவுநீர்க் கால்வாய்க்கு இதோ பணம்’ என்று தாகூர் சொன்னதாக ஆசிரமத்தார் வழிவழியாகக் கூறுவர். பரிசுத் தொகை பதிசரில் இருந்த வேளாண் வங்கியில் இடப்பட்டு, அதன் வட்டி பள்ளிக்குப் பயன்பட்டது என்பது வரலாறு.

இனி ஆசிரியர்கள். இளங்கவிஞர் சதீஷ் சந்திர ராயைப் பற்றிக் கவிஞர் நிறைந்த இவ்வவையில் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். அவர் பாரிசால் பகுதியைச் சேர்ந்தவர், வறிய குடும்பத்தினர். பட்டப் படிப்பை நிறைவு செய்யாமலே, இருபது வயதளவில், ஆசிரமத்துக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். சிறுவர்க்கு எளிமையாக்கிச் சொல்லுதல் என்னும் வழக்கமே அவரிடம் இல்லை. தம்மை மகிழ்வித்த பெருங்காவியங்களையும் ஆங்கிலக் கவிதைகளையும் அவ்வாறே சிறுவர்முன் படிப்பார். மணற்பாங்கான செம்மண் வெளியில் அவர்களுடன் நடந்துகொண்டே சொல்லுவார். அவர்களுக்கு எல்லாம் விளங்கியிராது. ஆயினும் ஒருவர் கவிதையில் தோய்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். பருத்திக் குண்டிகை போலச் சிறிது சிறிதாய்ப் பிய்த்துக் கொடுத்தவர் அல்லர் அவர். இவ்வாசிரியரின் சிறப்பைத் தாகூரே தம் பள்ளியைப் பற்றிய கட்டுரையில் வியந்து எழுதியுள்ளார். உதங்க முனிவரின் பழங்கதையைத் தழுவி மாணாக்கருக்காகச் சதீஷ் எழுதிய ‘குருதட்சிணை’ என்னும் சிறு நூல் எஞ்சியது. ஆங்கிலேயரான ஆசிரியர் பியர்சன் அதை மொழிபெயர்த்துச் சாந்திநிகேதனைப் பற்றி 1916இல் தாம் வெளியிட்ட நூலில் சேர்த்தார். 1904 பிப்ரவரியில் பெரியம்மை கண்டு சதீஷ் இறந்தார். நோய்க்கு அஞ்சிப் பள்ளியைச் சில காலம் சிலைதஹாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர் அங்குப் பணியாற்றியது ஏறத்தாழ ஓராண்டே.

அவருக்கு நேர்மாறானவர் ஹரிசரண் பந்தோபாத்யாயர். தாகூர் குடும்பத்து நிலக்கிழமையின் அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவரின் வடமொழிப் புலமையைக் கண்டு, இரவீந்திரர் அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். வங்க மொழிக்கு ஓர் அகராதி தொகுக்கவும் பணித்தார். 1905இல் தொடங்கிய பணி இடையில் பொருளின்றித் தளர்ந்தது. காசிம்பசார் மன்னர் மணீந்திர சந்திர நந்தியிடம் பேசித் திங்கள்தோறும் ஐம்பது ரூபாய் கிடைக்கச் செய்தார் தாகூர். ‘வங்கீய சப்தகோசம்’ பகுதி பகுதியாக அச்சேறி முடிந்தபோது ஆண்டு 1945. அகராதி செய்யச் சொன்னவர் அதற்கு நான்காண்டு முன்பே மறைந்துவிட்டார். செய்தவரின் கண்ணொளியும் மங்கிவிட்டது. நாற்பதாண்டுக் காலம் ஒருவர் சொற்களுக்குள் மூழ்கியிருந்ததைத் தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் பார்த்துக்கொண்டே வளர்ந்தனர். வகுப்பில் அவர் என்ன கற்பித்தார் என்பதைவிட அக்காட்சி அவர்களுக்குப் பெரிய பாடமாய் இருந்திருக்கும்.

விண்மீனும் பூச்சியும் செடியும் பற்றிச் சிறுவர்க்கான வங்க நூல்கள் பல எழுதிய அறிவியல் ஆசிரியர் ஜகதானந்த ராய், கபீரின் பாடல்களைத் திரட்டிய க்ஷிதிமோகன் சென், வடமொழியும் பாலியும் வல்ல விதுசேகர சாஸ்திரி என இவ்வரிசை நீளும், நேரம் இடந்தராது.

மரபுகளுக்கு வருவோம். பொழுது புலருமுன் மணியோசை. பின் ஆசிரமத்தைச் சுற்றிப் பாடிவரும் வைதாலிகம். மரத்தடியில் வகுப்பு, மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் ஆசனத்தைத் தாமே சுமந்து செல்ல வேண்டும். புதன்கிழமை விடுமுறை, அன்று காலை கண்ணாடி மந்திரில் வழிபாடு. மூத்தவர்களைப் பெயரோடு ‘தா’ என்றும் ‘தி’ என்றும், அதாவது அண்ணன் என்றும் அக்காள் என்றும் சேர்த்து அழைப்பர். சிறுவரின் குற்றங்களைச் சிறுவரே கூடி விசாரிப்பர். உடலை வருத்தும் தண்டனை இல்லை. அரங்கில் ஒருவர் நன்றாகப் பாடினால் கைதட்டுவதில்லை. ‘சாது, சாது’ என்பார்கள். (நம் கவியரங்குகளின் கரவொலியை நினைத்துப் பார்க்கையில் இவ்வழக்கத்தின்மேல் சற்று ஆசை பிறக்கின்றது.) மரம் நடுவிழா 1928இல் தொடங்கியது. மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, ஆடிப்பாடி ஊர்வலமாகக் கொண்டுசென்று நடுவர். பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்து வழங்கப்பட்டு வந்தது.

இவற்றுள் வசந்த விழாவின் தோற்றம் பலரும் அறியாதது. 1907இன் தொடக்கத்தில், வசந்த பஞ்சமியை ஒட்டி, மாணாக்கரைச் சேர்த்துப் பருவ விழா ஒன்றை முதன்முதலில் நடத்தியவன் சமீந்திரநாதன். தாகூரின் இளைய மகன், அப்பள்ளியின் மாணாக்கன், பத்து வயதுச் சிறுவன். அவ்வாண்டு நவம்பரிலேயே, முங்கேருக்குச் சென்ற இடத்தில் வாந்திபேதி கண்டு அவன் இறந்துபோனான். தந்தையார் பின்னர்ப் பருவங்களுக்கென்றே பாட்டும் நாடகமும் எழுதிக் குவித்தார். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் மஞ்சளுடுத்து வண்ணப்பொடி தூவிக் கொண்டாடிய விழாவின் வேர் ஒரு சிறுவனின் விளையாட்டில் இருக்கின்றது.

1919இல் சில்ஹெட்டில் தாகூரின் உரையைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதிய பள்ளிச் சிறுவன், 1921இல் சாந்திநிகேதனுக்கே மாணாக்கனாக வந்தான். அவர்தாம் பின்னாளில் வங்க உரைநடையின் நகைச்சுவை மன்னரான சையத் முஜ்தபா அலி. அவர் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று: மராட்டியச் சிறுவன் ஒருவன் புதிதாய்ப் பள்ளியில் சேர்ந்தான். நீண்ட அங்கியும் வெண்தாடியுமாய் ஒருவர் நடந்து போவதைக் கண்டான். ஓடிச் சென்று அவர் கையில் ஓர் எட்டணாக் காசைத் திணித்துவிட்டுத் திரும்பினான். ‘குருதேவருக்கா காசு கொடுத்தாய்?’ என்று மற்றவர் திகைத்தனர். ‘குருதேவராவது! அவர் ஒரு பக்கிரி. பக்கிரியைக் கண்டால் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாள்’ என்றான் சிறுவன். நாள்கள் சென்றன. அவன் செய்த குறும்பு தாங்காமல் ஆசிரியர்கள் தாகூரிடமே முறையிட்டனர். அவர் அவனை அழைத்து, ‘நீ வந்தபோது எத்தனை நல்ல பிள்ளையாய் இருந்தாய்! எனக்கு எட்டணாக் கொடுத்தாயே. இதுவரை வேறு எந்த மாணாக்கனும் எனக்கு ஒரு காசும் தந்ததில்லை. அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் தெரியுமா?’ என்னும் பொருள்படப் பேசினாராம். குறும்பு அன்றோடு அடங்கியது என்கிறார் முஜ்தபா அலி. நகைச்சுவை எழுத்தாளர் சொல்வதாகையால் கதைக்குச் சற்று மெருகு ஏறியிருக்கலாம். ஆயினும் உலகப் புகழ்பெற்ற கவிஞரைப் பக்கிரி எனக் கருதியவன் ஏளனத்துக்கு ஆளாகவில்லை. அவன் ஈகை ஈகையாகவே ஏற்கப்பட்டது. மடற்பனையை நெருங்கிக் காசு கொடுக்க எந்தச் சிறுவனும் துணியமாட்டான்.

ஆனால், அவையீர், இனிய நினைவுகளோடு இவ்வுரையை முடித்துவிட முடியாது. பழைய மாணாக்கர் பாட்டையும் மரத்தையும் நினைக்கும் அளவுக்கு உணவுக்கூடத்து வரிசைகளை நினைப்பதில்லை. அவ்வரிசைகளை அறியக் கடிதங்களையும் பிறர் குறிப்புகளையும் நாட வேண்டியுள்ளது. 1902இல் பிராமணர் அல்லாத ஓர் ஆசிரியர் வந்தபோது, மாணாக்கர் அவரை அடிதொட்டு வணங்குவதா என்னும் வினா எழுந்தது. இந்து சமூக வழக்குக்கு மாறானதைப் பள்ளியில் புகுத்த இயலாது. பிராமண ஆசிரியர்க்கு அடிதொழலும் ஏனையோர்க்குக் கைகூப்பலும் அமையும் என்னும் கருத்துப்படக் கடிதம் எழுதினார் தாகூர். ‘கோரா’ நாவலில் சாதியின் சுவர்களையெல்லாம் தகர்த்தவர் எழுதிய கடிதம்தான் அது. இடையில் எட்டாண்டுகள் ஓடின என்பதும், அவர் உள்ளம் அதற்குள் நெடுந்தூரம் நடந்தது என்பதும் உண்மை. அவர் நடந்த வேகத்தில் பள்ளியின் அடுக்களை நடக்கவில்லை என்பதும் உண்மை.

1915இல் காந்தியடிகள் வந்தார். தென்னாப்பிரிக்காவின் பீனிக்சு பள்ளிச் சிறுவர்கள் அவருக்கு முன்பே சாந்திநிகேதனில் வந்து தங்கியிருந்தனர். தம் வேலையைத் தாமே செய்து பழகிய அப்பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒன்றாய் உண்பது இயல்பு. இங்கோ பிராமணச் சிறுவர் தனி வரிசையில் உண்டனர். ஆசிரமக் கொள்கைக்கு இது ஒவ்வாது என்றார் காந்தியடிகள். அகத்திலிருந்து வாராத மாற்றத்தைக் கட்டாயத்தால் கொணரத் தாகூர் விரும்பவில்லை என வரலாற்றாசிரியர் எழுதுவர். வேறொரு வாயில் வழியே மாற்றம் நுழைந்தது. சமையல், பாத்திரம் துலக்கல், துப்புரவு ஆகிய அனைத்தையும் மாணாக்கரும் ஆசிரியரும் தாமே செய்து பார்க்கலாமே என்று காந்தியடிகள் கூற, தாகூர் இசைய, மார்ச் 10ஆம் நாள் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து சிறுவர். பாத்திரம் துலக்குவோர் சலிப்படையாதிருக்க அருகே சிலர் சிதார் வாசித்தனர் என்று தம் சத்திய சோதனையில் எழுதுகிறார் காந்தியடிகள். சில காலத்துக்குப் பின் முயற்சி கைவிடப்பட்டது என்பதையும் அவரே ஒளியாமல் எழுதுகிறார். ஆயினும் ஆண்டுதோறும் மார்ச் 10ஆம் நாளைக் ‘காந்தி புண்ணியாகம்’ எனப் பேணும் வழக்கம் நிலைபெற்றது. அன்று சமையற்காரர்க்கும் துப்புரவாளர்க்கும் விடுப்பு. அவர்தம் வேலையை மாணாக்கரும் ஆசிரியரும் செய்வர். ஆண்டின் எஞ்சிய நாள்களுக்கு அந்த ஒரு நாள் ஈடாகுமா என்னும் கேள்வியையும் அவ்வழக்கமே ஆண்டுதோறும் எழுப்பிக்கொண்டிருக்கின்றது.

இவ்வினா தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1922இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய தமிழ்க் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டதும், அதனால் 1925இல் எழுந்த புயலும் இவ்வவை அறிந்தவையே. வங்கத்தில் வரிசை மெல்ல மறைந்தது. இங்கு அது நாட்டின் அரசியலையே மாற்றியது. சிறுவர் உண்ணும் வரிசையைச் சிறு செய்தியெனக் கருதி நினைவுக் குறிப்பிலிருந்து விட்டுவிடுவோர் வரலாற்றின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றனர்.

பிற்கால மாணாக்கரின் நினைவுகளில் வேறொரு செய்தி மேலோங்குகின்றது. க்ஷிதிமோகன் சென்னின் பேரரான அமர்த்தியா சென் 1941இல் டாக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். தேர்வு மதிப்பெண்ணில் நாட்டம் கொள்வதை அங்கு ஊக்குவிப்பதே இல்லை என்கிறார் அவர். உடன் பயின்ற மாணவி ஒருத்தியைப் பற்றி ஆசிரியர் ஒருவர், நல்ல மதிப்பெண் வாங்கினாலும் அவள் ஆழ்ந்து சிந்திப்பவளே என்று பாராட்டினாராம்! இன்றைய பள்ளி விடுதிகளில் விடியுமுன் எழுப்பி வினாவிடைகளை உருப்போட வைக்கும் காப்பாளர்களுக்கு இது வேடிக்கைக் கதையாகத் தோன்றும். எல்லாரும் இக்கொள்கையைப் போற்றினர் என்று சொல்வதற்கில்லை. நகரத்துத் திரைப்படங்களையும் மேலை இசையையும் நேசித்த சத்தியஜித் ராய், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1940இல் கலாபவனத்தில் சேர்ந்தார். படிப்பை முடிக்காமலே 1942இல் கல்கத்தா திரும்பினார். ஆனால் அங்கிருந்த ஆண்டுகள் இல்லையேல் ‘பாதேர் பாஞ்சாலி’ பிறந்திராது என்று அவரே பின்னர் ஒப்பினார். மரத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரையாதே, அது கீழிருந்து மேலே வளர்வது, தூரிகையும் அவ்வாறே செல்லட்டும் என்று நந்தலால் போஸ் கற்பித்ததை அவர் மறக்கவில்லை.

தெற்கிலிருந்து சென்றவர்களும் உளர். சென்னையிலிருந்து சென்ற சாவித்திரி என்னும் மாணவி முத்துசுவாமி தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடக் கேட்ட தாகூர், அம்மெட்டில் ‘பாஸந்தி ஹே புவனமோஹினி’ என்னும் பாடலை இயற்றினார். அங்கே கற்பித்தல் ஒருவழிப் பாதையாய் இருக்கவில்லை. 1920களில் அங்குப் பயின்ற ஜி. ராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினார்.

நிறைவாக வினோத் விகாரி முகர்ஜி. 1917இல் அவர் பள்ளிக்கு வந்தபோது ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலும் மிகக் குறைவு. இச்சிறுவன் எவ்வாறு ஓவியம் கற்பான் என்று நந்தலால் ஐயுற்றார். அவனுக்கு ஆர்வம் இருந்தால் இருக்கட்டும், எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கவலுற வேண்டா என்று தாகூர் சொன்னதாக வினோத் விகாரி தம் நினைவுகளில் பதிந்துள்ளார். அச்சிறுவன் அங்கேயே ஆசிரியரானான். சத்தியஜித் ராய்க்கும் கே. ஜி. சுப்பிரமணியனுக்கும் கற்பித்தான், 1947இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களை வரைந்தான். 1950களில் கண் அறுவைச் சிகிச்சை ஒன்று தவறிப்போக, எஞ்சிய பார்வையும் அவிந்தது. 1972இல் ராய் தம் ஆசிரியரைப் பற்றி ‘அகக்கண்’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பார்வையற்ற அம்முதியவர் தாளை விரல்களால் தடவி, மடித்து, உருவங்களாக வெட்டிக் கலாபவனச் சுவருக்கான ஓட்டுச் சித்திரத்தை அமைத்துக்கொண்டிருப்பதை அதில் காணலாம்.